வீட்டிலிருந்தே நூலகத்துக்குள்

அன்புள்ள கயல்,

விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் ஓர் ஆய்வுக்கட்டுரையைத் திறக்கப் போனதாகவும், அந்தப் பக்கம் முப்பத்தைந்து டாலர் கேட்டதால் விட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். அதே கட்டுரை வளாகத்தில் திறந்தது என்கிறாயே, அப்படியானால் சந்தாவை உன் பல்கலைக்கழகம் எப்போதோ கட்டிவிட்டது. நீ அங்கே படிப்பவள் என்பதுதான் அந்தத் தளத்துக்குத் தெரியவில்லை.

ஜேஸ்டோர், சயின்ஸ்டைரக்ட் போன்ற ஆய்விதழ்த் தளங்கள் வளாகத்துக்குள் இருப்பவரிடம் பெயர் கேட்பதில்லை. வந்திருக்கும் இணைப்பின் ஐபி எண் சந்தா கட்டிய நிறுவனத்தினுடையதா என்று மட்டும் பார்க்கும். வளாக வைஃபையின் எண் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. வீட்டு இணைப்பின் எண் இல்லை.

இதற்கு வழி கண்டவர் ஒரு நூலகர் என்பதில் நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்குப் பெருமை உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், எஸ்ட்ரெல்லா மவுண்டன் சமுதாயக் கல்லூரியின் நூலகராக இருந்த கிறிஸ் ஸாகர் 1999இல் ஈஸிபிராக்ஸி என்ற மென்பொருளை உருவாக்கினார். சமுதாயக் கல்லூரிகளில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள். அவர்களுக்கு நூலகம் தேவைப்படுவதே இரவில், வீட்டில்தான். அதுவரை வெளியிலிருந்து நுழைய வேண்டுமென்றால் பிரவுசரின் அமைப்புகளுக்குள் போய் பிராக்ஸி எனும் இடைச் சர்வரின் விவரங்களை மாணவரே மாற்ற வேண்டியிருந்தது. கணினி பழகாதவர் அங்கேயே நின்றுவிடுவார். அந்தப் பாரத்தை ஸாகரின் மென்பொருள் மாணவரிடமிருந்து இறக்கி வைத்தது. 2008இல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு அமைப்பு அதை வாங்கியது.

ஈஸிபிராக்ஸி உள்ள நூலகத்தின் தளத்தில் இணைப்பைச் சொடுக்கினால் முதலில் உன் பல்கலைக்கழகக் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்கும். சரியாக இருந்தால் நூலகத்தின் சர்வர் உனக்காகப் பதிப்பாளரிடம் பக்கத்தைக் கேட்டு வாங்கும். அதிலுள்ள இணைப்புகளையெல்லாம் தன் வழியாகவே வரும்படி திருத்தி உன்னிடம் தரும். மேலே முகவரியைக் கவனித்துப் பார். ஜேஸ்டோர் முகவரியில் புள்ளி இருந்த இடங்களில் சிறுகோடு இருக்கும், அதன் பின்னால் உன் நூலகத்தின் முகவரி ஒட்டியிருக்கும். புள்ளியைக் கோடாக்குவதற்குக் காரணம் உண்டு. நூலகச் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் தன் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் அடுக்கைத்தான் ஏற்கும். புள்ளிகளை அப்படியே விட்டால் அடுக்குகள் கூடிவிடும், பிரவுசர் எச்சரிக்கை காட்டும்.

ஆகவே கூகுளில் கிடைத்த இணைப்பில் நேரே நுழையாமல் நூலகத் தளம் வழியாகப் போ.

ஈஸிபிராக்ஸி இல்லாத கல்லூரியில் படிக்கும் தோழிகள், காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் வசதி தங்கள் கல்லூரிக்கு உண்டா என்று கேட்கட்டும். அங்கே ஐபி எண்ணுக்கு வேலையில்லை. இவர் எங்கள் மாணவர் என்று கல்லூரியே பதிப்பாளருக்கு உறுதி சொல்லும். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. இவ்வளவு இருந்தும் வீட்டிலிருந்து படிக்கும் வழி தெரியாமல் மாணவர்கள் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. கடவுச்சொல்லை யாருக்கும் தராதே. பிராக்ஸி வழியாகப் போகும் அத்தனை பேரும் பதிப்பாளருக்கு ஒரே எண்ணாகத்தான் தெரிவீர்கள். உன் கணக்கில் நுழைந்து யாராவது ஆயிரக்கணக்கில் கட்டுரைகளை இறக்கினால், பதிப்பாளர் அந்த எண்ணையே முடக்கிவிடலாம். அப்போது உன் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்து படிக்கும் எல்லோருக்கும் வழி அடைபடும்.

இன்னொன்று. ஒவ்வொரு தளத்துக்கும் அதன் பெயர், முகவரி, டொமைன் ஆகியவற்றை நூலகர் ஈஸிபிராக்ஸியின் ஒரு கோப்பில் சில வரிகளாக எழுதி வைத்திருப்பார். பதிப்பாளர் புதிய டொமைனுக்கு மாறினால் அந்த வரிகள் பழசாகிவிடும். படம் வராது, பிடிஎஃப் திறக்காது. அப்படி நேர்ந்தால் சலித்துக்கொண்டு மூடிவிடாதே. அந்தப் பக்கத்தின் முகவரியையும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் உன் நூலகருக்கு அனுப்பு. பெரும்பாலும் உன்னைப் போல யாராவது சொன்னால்தான் அவருக்கே தெரியவரும்.

அன்புடன்,
மாமா