வேகமா, விசையா?



"நூறுல போகும்போது அழுத்திப் பிரேக் போட்டா வண்டி நிலையா நிக்க மாட்டேங்குது" என்று சொல்லி ஒருவர் சாவியை உன் கையில் கொடுப்பார். கார் பட்டறைக்கு வரும் புகார்களில் இதைப்போலக் குழப்புவது குறைவு. கேட்டவுடன் கை தானாகப் போகும் இடங்கள் மூன்று: பிரேக் பேட், டிஸ்க், வீல் அலைன்மென்ட். மூன்றையும் செய்து பில் போட்டால் சில வண்டிகள் சரியாகிவிடும். சில ஒரே வாரத்தில் அதே புகாரோடு திரும்பி வரும். சரியானது எதனால் சரியானது, திரும்பி வந்தது எதனால் வந்தது என்று இரண்டுக்குமே விடை இருக்காது. இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அந்தப் புகாரில் இரண்டு நிபந்தனைகள் பின்னிக் கிடக்கின்றன: ஒன்று வேகம், மற்றது பிரேக்கின் விசை. ஸ்பேனரை எடுக்கும் முன் இந்த இரண்டையும் பிரித்துவிடு.

பிரிக்க முடியும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிரேக் போட்டால் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்பதை முடிவு செய்பவை நான்கு: வண்டியின் எடை, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரம், முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், வேகம் குறையும் வீதம். ஓடிக்கொண்டிருந்த வேகத்துக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. 1,200 கிலோ எடை, 55 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையம், 2.5 மீட்டர் வீல்பேஸ் உள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள். நிற்கும்போது முன் அச்சில் 720 கிலோ, பின் அச்சில் 480 கிலோ. காய்ந்த தார்ச்சாலையில் புவியீர்ப்பின் 0.8 மடங்கு வீதத்தில் பிரேக் பிடித்தால் சுமார் 210 கிலோ முன்னால் போய்விடும்; முன்னால் 930, பின்னால் 270. 50 கி.மீ. வேகத்தில் அழுத்தினாலும் இதே கணக்குதான், 100-இல் அழுத்தினாலும் இதே கணக்குதான். வேகம் மாற்றுவது வேறு சிலவற்றை. 100-இலிருந்து நிறுத்தும்போது பிரேக் விழுங்கும் வெப்பம், 50-இலிருந்து நிறுத்தும்போது விழுங்குவதைப்போல நான்கு மடங்கு. சக்கரம் ஒரு நொடியில் சுற்றும் எண்ணிக்கை இரட்டிக்கிறது. காற்று வண்டியின் மீது செலுத்தும் விசை கூடுகிறது. வண்டி பக்கவாட்டில் திரும்பத் தொடங்கினால் டயர்கள் அதைத் தாமாக அடக்கும் திறன், வேகம் கூடக் கூடக் குறைகிறது. விசையால் வெளிப்படும் கோளாறுகள் ஒரு குடும்பம், வேகத்தால் வெளிப்படுபவை இன்னொரு குடும்பம்.

அதனால் சோதனை ஓட்டத்தை ஒரே மூச்சில் செய்யாதே, பிரித்துச் செய். அதற்கு முன் நான்கு டயர்களின் காற்றழுத்தம், தேய்மானம், பக்கவாட்டில் பொறித்திருக்கும் தயாரிப்பு வாரமும் ஆண்டும், பிரேக் ஆயில் அளவு ஆகியவற்றைப் பார்த்துவிடு. ஜாக்கியில் தூக்கி ஆட்டும்போதே பால் ஜாயின்ட்டோ டை ராட் முனையோ ஆடினால் ரோட் டெஸ்ட்டே வேண்டாம். ஆடாவிட்டால், வெறிச்சோடிய நேரான சாலையில் 40–50 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பிடித்துப் பார். அடுத்து, சாலையும் சட்டமும் இடம் தரும் இடத்தில் 90–100 வரை போய், பிரேக்கை மெதுவாக, நீளமாகப் பிடித்துப் பார். முதல் ஓட்டத்தில் விசை உண்டு, வேகம் இல்லை; இரண்டாவதில் வேகம் உண்டு, விசை இல்லை. இரண்டிலும் ஒன்றும் தெரியாவிட்டால் மட்டும் 60, 70, 80 என்று படிப்படியாக இரண்டையும் சேர்த்துப் பார். ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்பதைத் துல்லியமாக எழுதிவை. ஒரே பக்கமாக இழுப்பது, இருபுறமும் அலைவது, ஸ்டீயரிங் உதறுவது, வால் வீசுவது ஆகிய நான்கும் நான்கு வேறு கோளாறுகள். ஓனர் நான்கையும் 'ஆட்டம்' என்ற ஒரே சொல்லில் சொல்வார். ஜாப் கார்டில் நீ அப்படி எழுதக்கூடாது.

குறைந்த வேகத்திலேயே புகார் தெரிந்துவிட்டால் அது விசையின் குடும்பம். ஒரே பக்கமாக இழுத்தால் இடதும் வலதும் சமமாகப் பிடிக்கவில்லை என்று பொருள். இடது காலிப்பர் பிஸ்டன் இறுகிப்போய் பேடை அழுத்தாமல் இருந்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். அதே பிஸ்டன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், பிரேக் போடாதபோதே இடப்பக்கம் இழுக்கும். காலை எடுத்த பிறகும் இழுப்பு சற்று நேரம் நீடித்தால் உட்சுவர் வீங்கி அடைத்த பிரேக் ஹோஸைச் சந்தேகப்படு. சிறிது தூரம் ஓட்டிவிட்டு இரு முன் டிஸ்க்குகளின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் ஒப்பிட்டால் பல வண்டிகளில் விடை அங்கேயே கிடைக்கும். சூடு இரண்டிலும் சமம், ஆனாலும் வண்டி இழுக்கிறது அல்லது அலைகிறது என்றால் பிரேக்கை விட்டுவிட்டு, பிரேக்கின் விசையைத் தாங்கும் பாகங்களுக்குப் போ. மேலே சொன்ன காரில் ஒவ்வொரு முன் சக்கரத்தையும் சாலை பின்னோக்கித் தள்ளும் விசை சுமார் 370 கிலோ. 75 கிலோ அரிசி மூட்டை ஐந்தைத் தூக்க வேண்டிய பலம் அது. அதைத் தாங்குவது லோயர் ஆர்மும் அதன் ரப்பர் புஷ்ஷும். புஷ் கிழிந்திருந்தால் ஆர்ம் பின்னால் நகரும். டை ராட் சக்கரத்தை இன்னொரு புள்ளியில் பிடித்துக்கொண்டிருப்பதால் சக்கரத்தின் திசையே மாறும். ஒரு பக்கம் மட்டும் மாறினால் இழுப்பு, இரு பக்கமும் சக்கரங்கள் வெளிப்புறம் விரிந்தால் அலைச்சல். முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்தி ஒவ்வொரு முறையும் பிரேக்கைத் தொட்டால் 'டொக்' என்று கேட்பது இதன் முதல் அடையாளம்.

இங்கேதான் முதல் மறுப்பு எழும்: "அலைன்மென்ட் மெஷின் எல்லாவற்றையும் பச்சையில் காட்டுகிறதே!" மெஷின் பொய் சொல்லவில்லை. அது அளந்தது அசையாமல் நிற்கும் வண்டியை. அந்த 370 கிலோவில் ஒரு கிலோகூட அப்போது புஷ்ஷின் மீது இல்லை. பச்சை நிறம் சொல்வது, விசை இல்லாதபோது சக்கரங்கள் நேராக நிற்கின்றன என்பதை மட்டுமே. கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு வெளியே துருத்தும் அகல அலாய் வீல் போட்ட வண்டியிலும் இதே கதைதான். ஸ்டீயரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் பதியும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தை வடிவமைப்பாளர்கள் மில்லிமீட்டர் கணக்கில் தீர்மானிக்கிறார்கள். 1972-இல் வந்த ஆடி 80 அந்தப் புள்ளியை டயர் நடுவுக்கு வெளியே வைத்தது, ஒரு பக்கப் பிரேக் குறைந்தாலும் ஸ்டீயரிங் தானாகவே எதிர்ப்பக்கம் திரும்பி வண்டியை நேராக வைக்கட்டும் என்று. டயரை வெளியே தள்ளும் வீல் அந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடும். அலைன்மென்ட் தாளில் அது தெரியாது. சாலையின் ஒரு ஓரம் மணலாக இருக்கும்போது பிரேக் போட்டால் தெரியும்.

வால் வீசுகிறது என்றால் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கம் வா. முன் சக்கரங்கள் பூட்டினால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். பின் சக்கரங்கள் முதலில் பூட்டினால் வண்டியே சுழலும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் 1980 மாடல் எக்ஸ் வரிசைக் கார்கள், செவர்லே சைட்டேஷனும் அதன் உடன்பிறப்புகளும், இந்தப் புகாரில்தான் சிக்கின. பின் பிரேக் சீக்கிரம் பூட்டுகிறது என்று அரசு சொன்னது. பின் லைனிங்கின் பிடிப்பும் பின்புற அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் விவாதத்தின் மையமாயின. சுமார் 11 லட்சம் கார்களைத் திரும்பப் பெற வேண்டும் என்று அரசு 1983-இல் தொடர்ந்த வழக்கில், 1987-இல் நிறுவனம் வென்றது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. ஓனர்களின் புகார்கள் ஏராளமாக இருந்தும் அரசால் நிரூபிக்க முடியவில்லை. ஒரு வண்டி சறுக்குவதற்கு டயர், சாலை, ஈரம், சுமை, ஓட்டுநரின் கால் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக விலக்காதவரை புகார் ஆதாரம் ஆகாது. உன் பட்டறையில் நீ விலக்க வேண்டியவை: ஆயில் கசிந்த வீல் சிலிண்டர், ஒட்டிப்போன டிரம் லைனிங், பின் அச்சின் புஷ், சுமைக்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தை விடும் வால்வின் கம்பி. பின் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் அந்த வால்வு பாரம் ஏறியிருப்பதாக நினைத்து, தேவைக்கு மேல் அழுத்தம் விடும். பின்னால் தேய்ந்த டயரும் முன்னால் புது டயருமாக ஓடும் வண்டியையும் சந்தேகி. முன்பக்கம்தான் அதிகம் பிரேக் பிடிக்கிறது, எனவே புது டயர் முன்னால் என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் 270 கிலோ பாரத்தில் தரையைப் பிடிக்க வேண்டிய பின் டயருக்குத்தான் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. டயர் நிறுவனங்களே புதிய ஜோடியைப் பின்னால் போடச் சொல்வது அதனால்தான்.

மெதுவான பிரேக்கிலும் உயர் வேகத்தில் மட்டும் தெரிவது வேகத்தின் குடும்பம். இதில் பெரும்பான்மை ஸ்டீயரிங் உதறல். சிறிய காரின் சக்கரச் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர், 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 14, 15 முறை சுற்றும். முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் அதிர்வை எளிதில் ஏற்று ஆடும் எல்லை பல கார்களில் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் 80-க்குக் கீழே வந்ததும் உதறல் மாயமாகிவிடுகிறது. "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பது இதற்கு வழக்கமான தீர்ப்பு. உண்மையில் பல டிஸ்க்குகள் வளைவதில்லை. அவற்றின் தடிப்பு சீரற்றுப் போகிறது. மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசமே உதறலுக்குப் போதும். வீல் ஹப்பின் முகத்தில் துரு இருந்து, அதன்மேல் டிஸ்க் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பேடை ஒரே இடத்தில் உரசி அந்தத் தடிப்பு மாறிவிடும். ஹப்பைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க் மாட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உதறல் திரும்பும். டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை அள. காற்றும் வேகத்தின் குடும்பம்தான்: 1998-இல் வந்த ஆடி டிடி ஜெர்மன் ஆட்டோபானில் மிகை வேகத்தில் திடீரென்று லேன் மாறும்போது வால் இலகுவாகி விபத்துக்குள்ளானது. நிறுவனம் பின்னால் ஸ்பாய்லர் சேர்த்து, சஸ்பென்ஷனைத் திருத்தி, மின்னணு நிலைப்படுத்தியையும் பொருத்தியது. நம் சாலைகளின் வேகத்தில் காற்றைக் கடைசிச் சந்தேகமாக வைத்துக்கொண்டால் போதும்.

வேகமும் விசையும் சேரும்போது மட்டும் தோன்றும் கோளாறுதான் கடினம். ஆனால் அதற்குள் பட்டியல் சுருங்கியிருக்கும்: நீண்ட பிரேக்கின் வெப்பத்தில் மட்டும் இறுகும் காலிப்பர், பாரம் குறைந்த பின் சக்கரத்தைத் தரையோடு வைத்திருக்க முடியாத ஷாக் அப்சார்பர், சிறு விலகலையும் பெரிதாக்கும் பழைய டயர். ஒன்றை மாற்று, அதே சோதனையை மறுபடி செய், பிறகு அடுத்ததைத் தொடு.

இரண்டாவது மறுப்பு புதுக் கார்களைப் பற்றியது. இந்தியாவில் 2019 முதல் புதிய கார்களுக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம். ஸ்கேனரில் எரர் கோடு ஒன்றும் இல்லையென்றால் வண்டி சரிதானே? ஏபிஎஸ் பார்ப்பது சக்கரங்கள் சுற்றும் வேகத்தை. கிழிந்த புஷ்ஷுக்கு சென்சார் கிடையாது. சக்கரம் பூட்டாமல் அது பார்த்துக்கொள்ளும். திசை மாறிய சக்கரத்தை நேராக்காது. சொல்லப்போனால் அது நோயை மறைக்கவும் செய்யும்: பின் சக்கரம் தரையில் சரியாகப் பதியாதபோது அழுத்தத்தைக் குறைத்து வாலை அடக்கிவிடும், நிற்கும் தூரம் மட்டும் நீளும். கோடு இல்லை என்பது சென்சார்கள் நலம் என்ற செய்தி மட்டுமே.

மூன்றாவது மறுப்பு கல்லாப்பெட்டியிலிருந்து வருவது. இத்தனை ஓட்டத்துக்கும் அளவுக்கும் யார் காசு கொடுப்பார்கள், ஆர்ம், டிஸ்க், பேட் எல்லாவற்றையும் செட்டாக மாற்றிவிட்டால் வேலை முடிந்ததே என்பார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை, நேரமும் பணம்தான். ஆனால் மேலே சொன்ன முதல் இரண்டு ஓட்டங்களும் சூட்டு அளவும் ஒரு ஜோடி டிஸ்க் மாற்றும் நேரத்துக்குள் முடிந்துவிடும். மாற்றிய பாகம் குற்றவாளி இல்லையென்றால், ஓனர் பணத்தை மட்டும் இழக்கவில்லை. வண்டி சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு அதே வேகத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது உன் பில்.

எனவே தம்பி, இனி இந்தப் புகார் வந்தால் ஜாப் கார்டில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதாமல் ஒரு நட்டையும் கழற்றாதே: விசையிலா, வேகத்திலா, இரண்டும் சேர்ந்தாலா? இழுப்பா, அலைச்சலா, உதறலா, வால் வீச்சா? காலை எடுத்ததும் நின்றதா, தொடர்ந்ததா? வேலை முடிந்ததும் அதே ஓட்டத்தை மறுபடி செய்து, கோளாறு போனதை நீயே பார். காரணம் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று ஓனரிடம் வெளிப்படையாகச் சொல்லி, வேகமாக ஓட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடு. காரணம் தெரியாத வண்டியைச் 'சரி' என்று எழுதி அனுப்புவதுதான் இந்தத் தொழிலில் மன்னிக்க முடியாத தவறு.