பட்டறையா, ஐடிஐயா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். லாரி என்றால் அவனுக்கு உயிர். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படிக்க வைக்கலாம் என்கிறேன் நான். பட்டறையில் விட்டால் தொழில் தானாக வந்துவிடும் என்கிறார் என் அண்ணன். எது சரி?
– ஒரு வாசகி, ராசிபுரம்

பதில்: ஐடிஐயிலேயே சேர்த்துவிடுங்கள். டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்புதான். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் கிடையாது; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

உங்கள் அண்ணன் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. கை பழகுவது பட்டறையில்தான். ஆனால் வண்டி மாறிவிட்டதே! பழைய லாரியில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் அப்படிச் செய்தால், 1,000 பாரையும் தாண்டக்கூடிய அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலையே துளைத்துவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபிறகு சென்சார், ஸ்கேனர், புகையைச் சுத்தமாக்கும் யூரியா கரைசல் என்று வேலையே வேறாகிவிட்டது. பார்த்துப் பழகினால் மட்டும் போதாது. காரணமும் தெரிய வேண்டும்.

சேர்க்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். காமன் ரெயில் இன்ஜின் இருக்கிறதா, மாணவர்களே அதைக் கழற்றி மாட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். தனியார் நிலையம் என்றால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்ரண்டிஸ் பயிற்சிக்கு அது கைகொடுக்கும். பிற்பாடு டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் எண்ணம் இருந்தால், இரண்டாண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவையே கேட்டு வாங்குங்கள். விடுமுறையில் பட்டறைக்கும் தாராளமாக அனுப்பலாம்.