மதுவம் தவிர்ப்போருக்குப் பாணுக்கு மாற்று எது?

கேள்வி: மதுவம் (ஈஸ்ட்) ஒத்துக்கொள்ளாதவர்கள் கண்டியில் பாணுக்குப் பதிலாக எதை உண்ணலாம்?

பதில்: மதுவம் என்பது மாவிலுள்ள சர்க்கரையை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றும் நுண்ணிய பூஞ்சையாகும், அவ்வாயுவே பாணையும் பணிஸையும் உப்பச் செய்கிறது. வெதுப்பகச் சூட்டில் மதுவம் இறந்துவிட்டாலும் அதன் புரதங்கள் பாணிலேயே தங்கிவிடுவதால், ஒவ்வாமை உடையவர்களுக்கு வெந்த பாணும் பாதுகாப்பானதன்று.

கண்டியிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் அன்றாடம் சுடப்படும் தேங்காய் ரொட்டியே இதற்கு மிகச் சிறந்த மாற்று; கோதுமை மா, துருவிய தேங்காய், உப்பு, நீர் ஆகியவற்றைப் பிசைந்து தட்டிக் கல்லில் சுடும் அதற்கு நொதித்தலே வேண்டியதில்லை. கோதுமை மாவின் ஒரு பங்கைக் குரக்கன் மாவாக மாற்றினால் நார்ச்சத்தும் கல்சியமும் கூடும். கட்டைச்சம்பலுடன் உண்ணப்படும் இந்த எளிய ரொட்டியைப் பாணுக்குத் தாழ்ந்ததாக எண்ணுவது பெருந்தவறு. வறுத்த அரிசி மாவில் ஆவியில் அவிக்கும் இடியப்பமும் பிட்டும் இவ்வாறே ஏற்றவை.

அப்பத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். கடையில் வாங்கிய ஈஸ்ட் சேர்க்காது கள்ளு ஊற்றிப் புளிக்கவைத்தாலும், கள்ளில் இயற்கையாகவே மதுவம் வாழ்வதால் அது விலக்கத்தக்கதே. இரவு முழுவதும் புளிக்கும் தோசை மாவிலும் காற்றிலும் தானியத்திலுமிருந்து வரும் மதுவம் வளரக்கூடும். அப்பச்சோடாவோ தயிர் போன்ற புளிப்புப் பொருளுடன் சேரும்போது உயிரியின்றியே வாயுவை வெளியிடுவதால், அதைக்கொண்டு வீட்டில் சோடாப் பாண் சுடலாம். கோதுமையின் குளூட்டன் புரதம் ஒவ்வாதவர்களின் நிலை முற்றிலும் வேறு. அவர்களுக்கு அரிசி மா உணவுகளே பொருந்தும்.