இறால் குஞ்சு வாங்கும் முன் பரிசோதனை கேளுங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லோடு நன்னீர் இறாலும் வளர்க்கிறேன். புதிதாகக் குட்டை வெட்டுகிறவர்கள் தீவனம், காற்றூட்டி, விலை என்று எல்லாம் விசாரித்துவிட்டு, நோயைப் பற்றிக் கடைசியில்தான் கேட்கிறார்கள். நான் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்காம்பி என்கிற இந்த இறால் நன்னீரில் வளர்ந்தாலும், பொரித்தவுடன் அதன் இளம்பருவத்துக்கு உப்புக் கலந்த நீர் வேண்டும். லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்புள்ள நீரில்தான் பொரிப்பகங்கள் அதைத் தேற்றுகின்றன. ஆகவே கொங்கு நாட்டுக் குட்டைகளுக்குக் குஞ்சு பெரும்பாலும் கடலோரத்திலிருந்துதான் வருகிறது. குஞ்சு வரும் பையிலேயே வைரஸும் வரலாம்.

வைரஸ் நோய்களில் நாம் அதிகம் அஞ்ச வேண்டியது வெண்வால் நோய். 1990-களின் பிற்பகுதியில் கரீபியத் தீவான குவாதலூப்பில் முதலில் தெரியவந்தது. சில ஆண்டுகளில் இந்தியப் பொரிப்பகங்களிலும் தென்பட்டது. எம்.ஆர்.என்.வி. என்ற வைரஸும், அதனுடன் சேர்ந்து காணப்படும் எக்ஸ்.எஸ்.வி. என்ற மிகச்சிறு வைரஸும் இதற்குக் காரணம். இந்நோய்க்கு உலக விலங்கு நல அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் நம் மேல்விஷாரத்தில், சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் பேராசிரியர் ஏ.எஸ். சாகுல் ஹமீதின் பொறுப்பில் உருவானது. இது தமிழ்நாட்டுக்குப் பெருமை.

வெண்மை எல்லாம் வைரஸ் இல்லை

நோய் கண்ட குஞ்சு சோர்ந்துவிடும். வால்தசை பால்போல வெளுத்து, வெண்மை முன்பக்கம் பரவும். முதல் அறிகுறிக்குப் பின் ஒரு வாரத்துக்குள் தொட்டி முழுக்கச் சாகலாம். ஆனால் பயண அலைச்சல், ஆக்சிஜன் குறைவு, நீரின் சூடு திடீரென மாறுவது ஆகியவையும் தசையை வெளுக்க வைக்கும். அது தொடக்க நிலையில் இருந்தால் நீரைச் சரிசெய்ததும் தெளியும். கண்ணால் பார்த்து முடிவுகட்டாமல் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள்.

தாய் இறாலைப் பற்றிக் கேளுங்கள்

வளர்ந்த இறால் நோயின்றித் திடமாகத் தெரியும். ஆனாலும் உள்ளே வைரஸைச் சுமக்கலாம். முட்டை வழியே குஞ்சுக்கும் கடத்தலாம். "தாய் இறாலுக்கு ஆர்.டி-பி.சி.ஆர். பார்த்தீர்களா? நான் எடுக்கும் தொட்டியின் குஞ்சுக்குப் பார்த்தீர்களா?" இரண்டையும் பொரிப்பகத்தில் கேளுங்கள். கொரோனா காலத்தில் நமக்குச் செய்த அதே வகைப் பரிசோதனைதான். அறிக்கையில் தொட்டி எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சுக்கு இரையாகும் ஆர்ட்டீமியாவும் இந்த வைரஸைச் சுமக்கக் கூடும் என்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது. அதனால் இரை பற்றியும் விசாரியுங்கள்.

நேராகக் குட்டையில் விடாதீர்கள்

முதலில் சிமென்ட் தொட்டியில் சில வாரம் வைத்துப் பாருங்கள். இந்நோய் குஞ்சுப் பருவத்தில்தான் கொல்லும். நோய் வந்தாலும் இழப்பு தொட்டியோடு நிற்கும். தொட்டிக்கென்று தனி வலையும் வாளியும் வையுங்கள்.

மருந்து தேடாதீர்கள்

"ஏனுங்க, ஏதாச்சும் மருந்து இருக்குங்களா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் ஒளிக்காமல் சொல்வது: இல்லைங்க. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸுக்கு அது கொடுத்தால் காசும் போகும், மருந்து எச்சம் தங்கிய இறாலுக்கு விலையும் போகும். செத்த குஞ்சைச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். தொட்டி நீரை பிளீச்சிங் பவுடரால் கிருமிநீக்கம் செய்யாமல் வாய்க்காலில் திறக்காதீர்கள். கீழ்மடைக்காரர் குட்டைக்கும் அதே தண்ணீர்தான். பாதித்த குட்டையை மண் வெடிக்கும்வரை காயப் போட்டுச் சுண்ணாம்பிடுங்கள். அதில் தப்பிய இறாலைத் தாய் இறாலாக வைத்துக்கொள்ள யாருக்கும் கொடுக்கவே வேண்டாம்.

செலவைப் பகிருங்கள்

சிறு விவசாயிக்குப் பரிசோதனைக் கட்டணம் சுமையாகத் தெரிவது நியாயம்தான். அக்கம்பக்கத்துக் குட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரே பொரிப்பகத்தில் ஒரே தொட்டிக் குஞ்சை எடுத்தால் ஒரு பரிசோதனை எல்லோருக்கும் ஆகும். குஞ்சுக்கு முன்பணம் கொடுக்கும்போதே, "பரிசோதனையில் வைரஸ் தெரிந்தால் எடுக்க மாட்டோம்" என்று பேசிக்கொள்ளுங்கள். தனியாள் கேட்டால் தட்டிக்கழிக்கும் பொரிப்பகமும், பத்துக் குட்டைக்காரர்கள் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லும்.