சேறு சொன்ன சான்று

நுழையும்முன்

மன்னர்களின் காலத்தை அறியக் கல்வெட்டுகளும் ஓலைச்சுவடிகளும் நமக்கு உதவுகின்றன. மனிதர் தோன்றுவதற்கு முன்பே நிகழ்ந்தவற்றை யார் எழுதிவைத்தார்? ஆழ்கடலின் அடியில் படிந்துகிடக்கும் சேறு அப்பணியைச் செய்திருக்கிறது. அச்சேற்றை அறிஞர்கள் படிக்கக் கற்ற முறையையும், அது தீர்த்துவைத்த ஒரு பெரும் வழக்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஓயாத மழை

ஆழ்கடலின் அடிப்பகுதி இருள் சூழ்ந்தது, குளிர் மிகுந்தது. அங்கு இரவும் பகலும் ஒரு மழை பெய்துகொண்டே இருக்கிறது. அது நீர்மழை அன்று. ஆறுகள் கொண்டுவரும் நுண்மண், காற்றில் பறந்துவந்த பாலைவனப் புழுதி, எரிமலைச் சாம்பல், மாண்ட நுண்ணுயிரிகளின் ஓடுகள் ஆகியவை மெல்ல மெல்ல இறங்கிக் கடலடியில் படிகின்றன. கரையிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள ஆழ்கடலில், ஆயிரம் ஆண்டுகளில் சேரும் படிவின் கனம் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரையே இருக்கும்.

நாள்தோறும் கிழிக்கும் நாட்காட்டித் தாள்களை ஒரு பெட்டியில் போட்டுவந்தால், முதலில் கிழித்த தாள் அடியிலும் இன்று கிழித்த தாள் மேலேயும் இருக்கும். கடலடிப் படிவும் அத்தகையதே. மேலடுக்கு புதியது, கீழே செல்லச் செல்லக் காலம் பின்னோக்கிச் செல்கிறது.

நாட்காட்டித் தாளில் தேதி அச்சிடப்பட்டிருக்கும். சேற்றில் தேதி எங்கே இருக்கிறது? அதில் கலந்துள்ள ஓடுகளே தேதியாகின்றன. ஃபோராமினிஃபெரா என்பது கடலில் வாழும் ஒரு செல் உயிரி. அதன் இனங்களில் பெரும்பாலானவை மணல்மணி அளவே இருக்கும். அவற்றுள் பல சுண்ணாம்பினாலான ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு காலத்திலும் சில இனங்கள் தோன்றின. சில இனங்கள் அழிந்தன. எனவே, ஓர் அடுக்கில் எந்த இனத்தின் ஓடுகள் உள்ளன என்பதைக் கொண்டு அவ்வடுக்கு உருவான காலத்தைக் கூறலாம். புதையலில் கிடைத்த நாணயத்தில் எந்த மன்னரின் உருவம் உள்ளது என்று பார்த்து, அதன் காலத்தைக் கணிப்பது போன்றது இது.

அவ்வோடுகள் மற்றொரு செய்தியையும் தாங்கியுள்ளன. ஆக்சிஜனில் எடை குறைந்த வகையும் எடை மிகுந்த வகையும் உண்டு. ஓட்டில் அவை கலந்துள்ள விகிதத்தை அளந்தால், அவ்வுயிரி வாழ்ந்த காலத்தில் கடல்நீர் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதையும், நிலத்தின்மீது எவ்வளவு பனி உறைந்திருந்தது என்பதையும் உய்த்துணரலாம்.

இரு தரப்பு வழக்கு

கண்டங்கள் நிலையாக நிற்பவை அல்ல. அவை ஒருகாலத்தில் ஒன்றாக இணைந்திருந்து பின்னர் விலகிச் சென்றன என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வெக்னர் 1912ஆம் ஆண்டில் கூறினார். அவ்வளவு பெரிய நிலப்பரப்பு எவ்வாறு நகரும் என்னும் வினாவிற்கு ஏற்கத்தக்க விடை கிடைக்காமையால், பலர் அவர் கருத்தை மறுத்தனர்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஹாரி ஹெஸ் ஒரு விளக்கம் தந்தார். பெருங்கடல்களின் நடுவே நீருக்கடியில் நீண்ட மலைத்தொடர்கள் உள்ளன. அவற்றின் முகட்டில் பூமியின் உள்ளிருந்து உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து, உறைந்து, புதிய கடல்தரையாகிறது. அது முந்தைய தரையை இருபுறமும் விலக்கித் தள்ளுகிறது. இவ்வாறு கடல்தரை விரிந்துகொண்டே செல்கிறது என்பது அவர் கருத்து. கடல்தரை மிகப் பழமையானது, இடம் மாறாதது என்று நம்பிய அறிஞர்களும் பலர் இருந்தனர்.

இவ்வழக்கைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. கடலடிச் சேற்றைத் துளைத்துக்கொண்டு கீழே சென்றால், இறுதியில் பசால்ட் என்னும் எரிமலைப்பாறை தட்டுப்படும். அப்பாறையின்மேல் முதன்முதலில் படிந்த சேற்றின் வயதே ஏறத்தாழ அப்பாறையின் வயதாகும். கடல்தரை விரிவது உண்மையானால், மலைத்தொடருக்கு அருகில் அவ்வயது குறைவாகவும், விலகிச் செல்லச் செல்ல மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். விரியவில்லை எனில், அத்தகைய ஒழுங்கு தோன்றக் காரணம் இல்லை. பாறைகளின் காந்தத்தன்மையை அளந்த அறிஞர்கள், எந்த இடத்தில் எவ்வளவு வயது இருக்கும் என்று முன்கூட்டியே கணித்தும் வைத்திருந்தனர். இனி, சாட்சியை மேலே கொண்டுவருவதே எஞ்சிய வேலை. அச்சாட்சியோ பல கிலோமீட்டர் ஆழமுள்ள நீரின் அடியில் கிடந்தது.

குளோமர் சேலஞ்சர்

அப்பணிக்கென்றே 1968ஆம் ஆண்டில் குளோமர் சேலஞ்சர் என்னும் கப்பல் கடலில் இறங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ 122 மீட்டர். கப்பலின் நடுவே உயர்ந்த எஃகுக் கோபுரம் ஒன்று நின்றது. கோபுரத்தின் கீழே கப்பலின் அடிவரை ஒரு திறப்பு இருந்தது. குழாயோடு குழாயை இணைத்து அத்திறப்பின் வழியே கடலுக்குள் இறக்கினர்.

ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சிக் கப்பலை நிறுத்த இயலாது. கப்பல் சிறிது தொலைவு விலகினாலும் நீண்ட குழாய் வளைந்து முறிந்துவிடும். ஆகவே, ஒலி எழுப்பும் கருவி ஒன்றைக் கடலடியில் போட்டனர். அவ்வொலியைக் கப்பலின் அடியிலிருந்த செவிக்கருவிகள் கேட்டன. கப்பல் எப்பக்கம் விலகுகிறது என்பதைக் கணினி கணித்து, அதற்கேற்ப உந்துவிசைப் பொறிகளை இயக்கி, கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தியது.

குழாயின் முனையிலிருந்த துளைக்கருவியின் நடுப்பகுதி உள்ளீடற்றது. அது சுழன்று கீழிறங்கும்போது, நடுவிலுள்ள சேறும் பாறையும் வெட்டுப்படாமல் உருளை வடிவில் உள்ளே ஏறும். ஒவ்வொரு முறையும் ஒன்பது மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள உருளையை மேலே இழுக்கலாம். அவ்வுருளையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் நெடுக்காக இரண்டாகப் பிளப்பர். ஒரு பாதி ஆய்வுக்கு உரியது. மறுபாதி வருங்காலத்தவருக்கென்று பாதுகாக்கப்படும்.

மனம் மாறிய அறிஞர்

1968ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கப்பல் ஆப்பிரிக்காவின் டாக்கார் துறைமுகத்திலிருந்து தன் மூன்றாம் பயணத்தைத் தொடங்கியது. ஆர்தர் மேக்ஸ்வெல், ரிச்சர்ட் வான் ஹெர்சன் ஆகியோர் அறிவியல் குழுவிற்குத் தலைமை தாங்கினர். தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடு மலைத்தொடருக்கு இருபுறமும் வரிசையாகத் துளையிடுவது அவர்கள் திட்டம்.

அக்குழுவில் கென்னத் சூ என்னும் நில இயல் அறிஞரும் இருந்தார். சீனாவில் பிறந்து, அமெரிக்காவில் பயின்று, சுவிட்சர்லாந்தில் பணியாற்றியவர் அவர். கடல்தரை விரிகிறது என்னும் கருத்தை அவர் நம்பவில்லை. நம்பாதவராகவே கப்பலில் ஏறினார்.

உருளைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பாறையை ஒட்டிய சேற்றிலிருந்த நுண்ணோடுகளை அறிஞர்கள் நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட முடிவுகளுள் சில வருமாறு:

மலைத்தொடரின் முகட்டிலிருந்து தொலைவு – படிவின் வயது
ஏறத்தாழ 220 கி.மீ. – 1 கோடியே 10 இலட்சம் ஆண்டு
ஏறத்தாழ 420 கி.மீ. – 2 கோடியே 40 இலட்சம் ஆண்டு
ஏறத்தாழ 745 கி.மீ. – 4 கோடி ஆண்டு
ஏறத்தாழ 1,300 கி.மீ. – 6 கோடியே 70 இலட்சம் ஆண்டு

தொலைவு கூடக் கூட வயதும் சீராகக் கூடியது. காந்த அளவீட்டைக் கொண்டு முன்னரே கணித்த வயதுகளுக்கும் இவை மிக நெருங்கியிருந்தன. ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வீதம் கடல்தரை விலகிச் சென்றிருக்கிறது. நம் விரல்நகம் வளரும் வேகத்தைவிடவும் இது குறைவு. ஆயினும், கோடிக்கணக்கான ஆண்டுகளில் அவ்வசைவே ஆப்பிரிக்காவையும் தென் அமெரிக்காவையும் பிரித்து, இடையே ஒரு பெருங்கடலை உருவாக்கிவிட்டது.

1969ஆம் ஆண்டு ஜனவரியில் கப்பல் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தை அடைந்தது. கென்னத் சூ தாம் கொண்டிருந்த கருத்தைக் கைவிட்டார். தாம் மனம் மாறியதைப் பிற்காலத்தில் தாமே மறைக்காமல் எழுதினார். தோற்றது அவர் கருத்தே, அவர் தோற்கவில்லை. 1970ஆம் ஆண்டில் அதே கப்பலில் மத்தியதரைக் கடலுக்குச் சென்ற குழுவிற்கு வில்லியம் ரயன் என்பவருடன் சேர்ந்து அவர் தலைமை ஏற்றார். அங்குக் கடலடியில் ஜிப்சமும் உப்பும் கிடைத்தன. ஏறத்தாழ 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அக்கடல் பெரும்பகுதி வற்றிப்போயிருந்தது என்னும் முடிவிற்கு அவை வழிவகுத்தன.

நம் கடல்களில்

இந்தியாவைச் சூழ்ந்த கடல்களும் தம் வரலாற்றைச் சேற்றில் வைத்திருக்கின்றன. இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அரித்துவரும் மணலும் வண்டலும் கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை. வங்காள விரிகுடாவின் அடியில் ஓடைகள் போன்ற பள்ளங்களின் வழியே அவை தெற்கு நோக்கிப் பாய்ந்து, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்திற்கு விசிறிபோல் பரவியுள்ளன. இதனை வங்காள விசிறி என்பர். 2015ஆம் ஆண்டில் ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்னும் கப்பல், இலங்கைக்குக் கிழக்கே, வட அகலாங்கு 8 பாகையில் இவ்விசிறியின் ஏழு இடங்களில் துளையிட்டது. கன்னியாகுமரி அமைந்திருப்பதும் ஏறக்குறைய அதே அகலாங்கில்தான். இமயத்தில் பெயர்ந்த மணல், குமரிக்கு நேர்கிழக்கே கடலடியில் அடுக்கடுக்காகக் கிடைத்தது. இமயமலை எந்தெந்தக் காலத்தில் எவ்வளவு அரிக்கப்பட்டது என்பதை அவ்வடுக்குகளிலிருந்து அறிய முயல்கின்றனர்.

அதே ஆண்டில் அக்கப்பல் அரபிக்கடலிலும் துளையிட்டது. அப்பயணத்தின் இரு தலைமை அறிவியலாளர்களுள் ஒருவர் இந்தியரான தனஞ்செய் பாண்டே. ஆழ்கடல் படிவின் நடுவே, கரையோரத்து ஆழமற்ற கடலில் உருவாகும் சுண்ணாம்புக்கல்லின் துண்டுகள் சிதறிக் கலந்து கிடந்தன. ஏறத்தாழ 1 கோடியே 8 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், இந்தியாவின் மேற்குக் கரையை அடுத்த கடலடிச் சரிவு பெயர்ந்து ஆழத்திற்குச் சரிந்ததன் தடயம் அது. அப்பெருஞ்சரிவிற்கு அறிஞர்கள் இட்ட பெயர் 'நடராஜா' என்பதாகும்.

இந்தியப் பெருங்கடலில் எடுத்த உருளைகள் பல, ஜப்பான் நாட்டின் கோச்சி மாகாணத்திலுள்ள குளிரூட்டப்பட்ட காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. பெயரைக் கேட்டுக் கேரளத்துக் கொச்சி என்று எண்ணிவிடலாகாது. இன்று எவருக்கும் தோன்றாத வினா ஒன்றை நாளை ஒருவர் கேட்கலாம். அவருக்கு விடை கூற, பிளக்கப்பட்ட உருளையின் மறுபாதி அங்கே காத்திருக்கிறது.

சொல்லும் பொருளும்

படிவு – அடுக்கடுக்காகப் படிந்த மண் முதலியன
முகடு – உச்சி
உய்த்துணர்தல் – சான்றுகளைக் கொண்டு ஆராய்ந்து அறிதல்
உள்ளீடற்றது – உள்ளே வெறுமையாக இருப்பது
வண்டல் – நீர் அடித்துவரும் நுண்மண்
அகலாங்கு – நிலநடுக்கோட்டிலிருந்து வடக்காகவோ தெற்காகவோ உள்ள கோண அளவு
பாகை – கோணத்தை அளக்கும் அலகு

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. கடலடிப் படிவின் மேலடுக்கு ________, கீழடுக்கு ________.
2. கடல்தரை விரிகிறது என்னும் விளக்கத்தை 1962ஆம் ஆண்டில் தந்தவர் ________.
3. அரபிக்கடலின் அடியில் நிகழ்ந்த பெருஞ்சரிவின் பெயர் ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. கடலடி 2. பெருங்கடல் 3. நுண்ணுயிரி 4. அவ்வடுக்கு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. படிவின் வயதை அறிய நுண்ணுயிரிகளின் ஓடுகள் எவ்வாறு உதவுகின்றன?
2. குளோமர் சேலஞ்சர் கப்பல் நங்கூரமின்றி ஒரே இடத்தில் நின்றது எவ்வாறு?
3. உருளையின் ஒரு பாதியை ஆய்வு செய்யாமல் பாதுகாப்பது ஏன்?

ஈ. கணக்கிட்டு அறிக.
கடல்தரை ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் வீதம் விலகுகிறது எனக் கொள்க. முகட்டிலிருந்து 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரையின் வயது எவ்வளவு? ஏறத்தாழ அத்தொலைவில் கப்பல் எடுத்த படிவின் வயது 4 கோடியே 90 இலட்சம் ஆண்டு. உம் விடையை அதனோடு ஒப்பிடுக.

உ. சிந்தித்து எழுதுக.
"தோற்றது அவர் கருத்தே, அவர் தோற்கவில்லை." இத்தொடரின் பொருளைப் பத்து வரிகளில் விளக்குக. சான்றைக் கண்டு நீர் உம் கருத்தை மாற்றிக்கொண்ட நிகழ்வு ஒன்றையும் சேர்த்து எழுதுக.

ஊ. செயல்பாடு
கண்ணாடிக் குவளையில் வெவ்வேறு நிறமுள்ள ஈரமண்ணை நான்கு அடுக்குகளாக இடுக. ஒளி ஊடுருவும் உறிஞ்சுகுழல் ஒன்றை மேலிருந்து அழுத்தி, மேல்முனையை விரலால் மூடி வெளியே எடுக்க. குழலிலுள்ள அடுக்குகளில் எது முதலில் இடப்பட்டது என்று வீட்டிலுள்ளோரிடம் வினவி, அதற்கான காரணத்தைத் தமிழில் அவர்களுக்கு விளக்குக.