ஊசி வேண்டாம், போல்ட்டு போதும்

பெங்களூரு அல்சூரில் ஒரு கட்டடம் எழும்புகிறது. குழாய் வேலை செய்பவர் ஏணியில் ஏறினார். தோளில் சாமான் பை. பையின் வார் அறுந்தது. பைப் ரென்ச் கீழே விழுந்தது. சித்தாள் அம்மா ஓரடி தள்ளி நின்றார். தப்பினார்.

"பையைச் சரி செய்துவிட்டு ஏறு, தம்பி" என்றார் மேஸ்திரி.

"தைக்கப் போனால் அரை நாள் கூலி போகுமே, அண்ணே."

"ஊசி எதற்கு? போல்ட்டு போதும்."

வாரின் நைந்த முனையை வெட்டினார்கள். நல்ல பகுதியைப் பையின் மேல் நான்கு விரல் அளவு படிய வைத்தார்கள். இரண்டையும் சேர்த்து இரண்டு ஓட்டை போட்டார்கள். பை நைலான். அதனால் சூடான ஆணியால் குத்தினார்கள். ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். நூல் பிரியாது. பருத்திப் பைக்குச் சூடு ஆகாது, கருகிவிடும்.

ஓட்டைக்கு ஒரு போல்ட்டு. தலை வெளியே, நட்டு உள்ளே. மாற்றிப் போட்டால் சட்டை கிழியும்! இரண்டு பக்கமும் அகலமான வாஷர் வேண்டும். வாஷர் பாரத்தைப் பரப்பும். அது இல்லாவிட்டால் போல்ட்டே துணியைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

இது பழைய யுக்திதான். அமெரிக்காவில் உழைப்பாளிகளின் கால்சட்டைப் பைகள் அடிக்கடி கிழிந்தன. ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் பையின் மூலைகளில் செம்பு ரிவெட் அடித்தார். 1873இல் அவரும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்றும் ஜீன்ஸில் அந்தப் பொட்டுகளைப் பார்க்கலாம்.

எல்லாச் சாமானையும் பையில் போட்டார்கள். தரையை ஒட்டித் தூக்கி, நன்றாக உலுக்கினார்கள். வார் நின்றது.

அவர் ஏணியில் ஏறினார். பைப் ரென்ச்சை மட்டும் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டார். ஏணிக்கு அடியில் யாரும் நிற்கவில்லை.