விளையாட்டுக் கணினி: திரை முதல் ஒலி ஈறாக

விளையாட்டுக் கணினி அமைக்க முற்படுவோர் பெரும்பாலும் செயலியையோ கிராஃபிக்ஸ் கார்டையோ முதலில் முடிவு செய்துவிட்டு, எஞ்சிய தொகையில் திரையையும் ஹெட்ஃபோனையும் வாங்குகின்றனர். ஆனால், கணினி உருவாக்கும் அனைத்தும் ஆடுபவரை வந்தடைவது இவ்விரண்டின் வழியாகவே என்பதால், கண்ணுக்கும் காதுக்கும் எது தேவை என்பதை முதலில் வரையறுத்து, அத்தேவையை நிறைவேற்றும் உறுப்புகளை அதன் பின்னர் தேர்ந்தெடுப்பதே பணம் வீணாகாத முறையாகும்.

திரை: தெளிவா, வேகமா?

திரையின் தரத்தை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. திரையிலுள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கை பிரிதிறன் எனப்படும். ஒரு நொடியில் திரை எத்தனை முறை புதிய படத்தைக் காட்டுகிறது என்பது புதுப்பிப்பு வீதம் எனப்பட்டு, ஹெர்ட்ஸ் அலகில் குறிக்கப்படும். 1920×1080 அளவுள்ள ஃபுல் எச்டி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகளும், 2560×1440 திரையில் 36.9 லட்சம் புள்ளிகளும், 3840×2160 அளவுள்ள 4கே திரையில் 82.9 லட்சம் புள்ளிகளும் இருப்பதால், 4கே திரையை விரும்புபவர் ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகளை வரையும் பொறுப்பைக் கிராஃபிக்ஸ் கார்டின் மீது ஏற்றுகிறார்.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கிறது. 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிநொடியும், 240 ஹெர்ட்ஸில் 4.2 மில்லிநொடியும் நிற்கிறது. முதல் உயர்வில் ஏறத்தாழ 10 மில்லிநொடி குறைய, இரண்டாவது உயர்வில் 3 மில்லிநொடிக்கும் குறைவாகவே மிச்சமாவதால், 144 ஹெர்ட்ஸுக்கு மேல் செலவிடும் பணத்துக்குக் கிடைக்கும் பலன் விரைவாகச் சுருங்குகிறது. வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி ஆட்டங்களுக்கு ஃபுல் எச்டியும் 144 ஹெர்ட்ஸும் போதும். சைபர்பங்க் 2077 போன்ற கதை ஆட்டங்களில் காட்சியின் நுணுக்கமே முதன்மை என்பதால் 1440 வரிசைத் திரை கூடுதல் நிறைவு தரும்.

கிராஃபிக்ஸ் கார்டும் செயலியும்

கிராஃபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடும்போது வேகத்தோடு, படங்களின் மேற்பரப்புத் தரவுகளைத் தாங்கும் விரேம் என்னும் தனி நினைவகத்தின் அளவையும் பார்க்க வேண்டும். என்விடியா நிறுவனம் 2023இல் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டை 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகைகளில் வெளியிட்டது. இரண்டின் சில்லும் ஒன்றே என்பதால் பெரும்பாலான ஆட்டங்களில் வேகமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆனால் உயர்தர அமைப்பில் தரவு 8 ஜிபியைத் தாண்டும்போது, அது கணினியின் பொது நினைவகத்துக்கும் கார்டுக்கும் இடையே அலைய நேர்வதால், சிறிய கார்டில் ஆட்டம் திடீர் திடீரெனத் திக்கும். எனவே ஃபுல் எச்டியில் போட்டி ஆட்டங்கள் மட்டும் ஆடுபவர் 8 ஜிபியோடு நிறைவடையலாம். 1440 வரிசையில் புதிய கதை ஆட்டங்களை ஆட விரும்புபவர் 12 அல்லது 16 ஜிபியை நாடுவதே நலம்.

செயலியின் பணி வேறு. எதிரிகளின் நடத்தை, பொருள்களின் இயக்கம், ஆடுபவரின் கட்டளை ஆகியவற்றைக் கணித்து, அடுத்த படத்தில் என்ன வரையப்பட வேண்டும் என்பதைக் கார்டுக்கு உரைப்பது அதுவே. ஏஎம்டி நிறுவனம் 2022இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலி, அதற்கு முந்தைய 5800எக்ஸைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் ஓடினாலும், கேஷ் எனப்படும் உள்நினைவகத்தை 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக உயர்த்தியதால் பல ஆட்டங்களில் அதனை விஞ்சியது. கிகாஹெர்ட்ஸ் எண்ணையும் கோர்களின் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து விளையாட்டுச் செயலியை எடைபோடக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர், இரண்டில் எது தடையாக நிற்கிறது என்பதை எளிதில் சோதித்தறியலாம். ஆட்டத்தின் அமைப்பில் பிரிதிறனைக் குறைத்துப் பார்க்கும்போது நொடிக்கான படங்களின் எண்ணிக்கை உயர்ந்தால் கார்டும், உயராமல் அப்படியே நின்றால் பெரும்பாலும் செயலியும் மாற்றத்தக்கவை எனக் கொள்ளலாம்.

ரேம் நினைவகத்தை ஒரே பட்டையாக வாங்காமல் இரண்டாக வாங்கினால், செயலி இரு வழிகளில் ஒரே நேரத்தில் தரவைப் பெறும். ஆகவே ஒரு 16 ஜிபி பட்டையைவிட இரண்டு 8 ஜிபி பட்டைகள் மேலானவை. டிடிஆர்4, டிடிஆர்5 பட்டைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தா என்பதால், மதர்போர்டு எதை ஏற்கும் என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். 

ஒலி: இரு காதுகளும் இரு வழிகளும்

ஒலிக்கருவிகளில் முதல் தேர்வு, மைக் இணைந்த கேமிங் ஹெட்செட்டா, இசைக்கென உருவான ஹெட்ஃபோனும் தனி மைக்குமா என்பதாகும். ஒரே விலையில் ஹெட்செட்டின் பணம் மைக், விளக்கு, மென்பொருள் எனப் பிரிந்துவிடுவதால், ஒலித்தரத்தில் பெரும்பாலும் ஹெட்ஃபோனே முந்தும். வசதியில் ஹெட்செட் முந்தும்.

ஹெட்செட் பெட்டிகளின் மேல் அச்சிடப்படும், பல வழி ஒலியைக் குறிக்கும் 7.1 என்னும் எண்ணுக்குத் தனி மதிப்பளிக்கத் தேவையில்லை. ஒலி இடப்புறமிருந்து வந்தால் இடக்காதை அடைந்து, அதிகபட்சம் ஏறத்தாழ 0.7 மில்லிநொடி கழித்தே வலக்காதை அடைகிறது. இக்கால வேறுபாட்டையும், உரப்பின் வேறுபாட்டையும், காதுமடல் ஒலியை மாற்றும் விதத்தையும் கொண்டே மூளை திசையை உணர்கிறது. இவ்வேறுபாடுகளைக் கணித்து இரு வழி ஒலியாகவே தரும் முறைக்கு எச்ஆர்டிஎஃப் என்று பெயர். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆகிய ஆட்டங்களிலேயே இது உள்ளது. ஆட்டம் செய்த கணிப்பின் மீது ஹெட்செட்டின் மென்பொருள் மீண்டும் ஒருமுறை கணிப்பு நடத்தினால் காலடி ஓசையின் திசை குழம்புமாதலால், இரண்டில் ஒன்றை அணைத்துவைப்பது இன்றியமையாதது.

திறந்த வகை ஹெட்ஃபோனில் ஒலி விரிந்து கேட்பதோடு காதும் வியர்க்காது. ஆயினும் மின்விசிறியின் இரைச்சல் உள்ளே வரும், ஆட்டத்தின் ஒலி அடுத்தவருக்கும் கேட்கும். மூடிய வகை இவ்விரண்டையும் தடுத்தாலும் நீண்ட ஆட்டத்தில் காதைச் சூடாக்கும். தனி அறை உள்ளவருக்கு முன்னதும், பொதுக்கூடத்தில் ஆடுபவருக்குப் பின்னதும் ஏற்றவை. கம்பியில்லாக் கருவி விரும்புவோர், ஒலி தாமதமாக வரும் ப்ளூடூத்தைத் தவிர்த்து, யுஎஸ்பி ஏற்பியுடன் வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையைக் கொள்ள வேண்டும்.

மின்மறுப்பைக் குறிக்கும் ஓம் எண்ணும் கவனிக்கத்தக்கது. ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் தரும் இரு ஹெட்ஃபோன்களுக்கு மதர்போர்டு 1 வோல்ட் அளிப்பதாகக் கொண்டால், 32 ஓம் கருவி 31 மில்லிவாட் பெற்று 111 டெசிபெல்லை எட்டும். 250 ஓம் கருவியோ 4 மில்லிவாட் மட்டுமே பெற்று 102 டெசிபெல்லில் நின்றுவிடும். ஆகவே உயர் ஓம் கருவிக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் தேவைப்படலாம். 32 முதல் 80 ஓம் வரையிலான பெரும்பாலான கருவிகளுக்குத் தேவைப்படாது.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்ட காலத்தில் நல்ல ஒலிக்கு ஒலி அட்டை தவிர்க்க முடியாததாக இருந்தது. இன்றோ மதர்போர்டிலேயே உள்ள ஒலிச்சில்லு பெரும்பாலோருக்குப் போதும். சுட்டியை நகர்த்தும்போதெல்லாம் ஹெட்ஃபோனில் மெல்லிய சீறல் எழுந்தால், கணினிப் பெட்டியின் முன்புறத் துளைக்குச் செல்லும் கம்பி உள்ளிருக்கும் மின்னலைகளை ஈர்க்கிறது எனக் கொண்டு, முதலில் பின்புறத் துளையில் செருகிப் பார்க்க வேண்டும். அதன் பின்னும் சீறல் நீடித்தால் மட்டுமே, எண்வடிவ ஒலியைப் பெட்டிக்கு வெளியே மின்னலையாக மாற்றும் யுஎஸ்பி டேக் கருவிக்குப் பணம் ஒதுக்கலாம்.

முடிவு

போட்டி ஆட்டக்காரருக்கு 144 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி திரை, கேஷ் மிகுந்த செயலி, 8 ஜிபி கார்டு, கம்பியுள்ள இரு வழி ஹெட்ஃபோன் ஆகியவை பொருந்தும். கதை ஆட்டங்களை விரும்புபவருக்கு 1440 வரிசைத் திரை, 12 அல்லது 16 ஜிபி கார்டு, இடைத்தரச் செயலி, திறந்த வகை ஹெட்ஃபோன் ஆகியவை பொருந்தும். இரண்டையும் சமமாக ஆடுபவர் திரையிலும் ஹெட்ஃபோனிலும் குறைவைக்காமல், செயலியையும் கார்டையும் பின்னாளில் உயர்த்திக்கொள்வதே தகும். ஏனெனில் நல்ல திரையும் ஹெட்ஃபோனும் அடுத்த கணினிக்கும் அப்படியே பயன்படும்.